குழியம்மாவும் கடைசி மனையும்

நகர அலுவலகத்தின் வடிகால் பிரிவில் அவளுக்கு முறையான பதவிப் பெயர் ஒன்று இருந்தது. அறைக் கதவில் எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் வீடு கட்டும் ஒப்பந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் குழியம்மாதான். புதுவீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்குவாள். வரவேற்பறைத் தரை எப்படி மின்னுகிறது, சமையல் மேடைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் பெருமையை அவிழ்ப்பதற்குள், "குழி எங்க?" என்று கேட்டுவிடுவாள்.

மழைநீர் உறிஞ்சுகுழியைத்தான் கேட்டாள். அந்த ஊர் விதி சுற்றி வளைக்காதது. வீடு கட்டுவதற்கு முன்பு ஒரு நிலத்திலிருந்து எவ்வளவு மழைத்தண்ணீர் வெளியே ஓடியதோ, கட்டிய பிறகும் அதற்கு மேல் ஓடக்கூடாது. தனிவீடு என்றால் கூரைத் தண்ணீர் இறங்க ஒரு குழியும், சிமெண்ட் பூசாத கொஞ்சம் மண்ணும் வேண்டும். பல வீடுகள் சேர்ந்த மனைப்பிரிவு என்றால், எல்லாத் தண்ணீரும் வந்து நின்று மெல்ல வடிவதற்குப் பள்ளமான மூலையில் ஒரு குளம் விட வேண்டும். இவை இல்லாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று கிடையாது. சான்று இல்லாமல் மின் இணைப்பும் கிடையாது.

அவளை ஏய்க்கப் பார்க்காத ஆள் இல்லை. ஒருவர் வெறும் தரையில் வட்டமாக ஒரு மூடியைப் பதித்து, அதுதான் குழி என்று கைகாட்டினார். இன்னொருவர் குழி இருக்க வேண்டிய இடத்தில் பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கி, செடிகள் வாடிவிடும், நகர்த்த வேண்டாம் என்று கெஞ்சினார். அவள் வண்டியில் எப்போதும் ஒரு கடப்பாரையும் ஒரு வாளியும் கிடக்கும். மூடியை நெம்பித் திறப்பாள். வாளித் தண்ணீரை ஊற்றுவாள். அது உள்ளே இறங்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பாள். "தண்ணி எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே நிக்குது அந்தம்மா, நம்ம பொழப்பு எங்க போகுதுன்னு அதுக்குக் கவலையே இல்ல" என்று டீக்கடையில் புலம்புவார்கள்.

இந்தப் பிடிவாதம் அலுவலகத்தில் முளைத்தது அல்ல. அவளும் அவள் அண்ணனும் வளர்ந்தது கீழ்த்தெருவில். மேட்டில் சேமிப்புக் கிடங்குகள் வந்து நிலமெல்லாம் காங்கிரீட் ஆனதும், மழை பெய்தால் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அண்ணன் அவளைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி பாத்திரங்களைப் பொறுக்குவான். அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்தபோது, படிப்பை விட்டுவிட்டுச் சாந்துச் சட்டி தூக்கப் போனான். அவன் தூக்கியதால்தான் அவள் கட்டடப் பொறியியல் படித்தாள். அதை வீட்டில் யாரும் மறந்ததில்லை. அவளும் மறந்ததில்லை.

சாந்துச் சட்டி தூக்கியவன் கொத்தனார் ஆனான், மேஸ்திரி ஆனான், கடைசியில் சொந்தமாக வீடுகள் கட்டி விற்கும் அளவுக்கு உயர்ந்தான். கீழ்த்தெருவுக்கு மேலே இருக்கும் சரிவில் ஒரு மனைப்பிரிவு போட்டான். பெரிய முயற்சி, கைமுதல் எல்லாவற்றையும் அதில் இறக்கியிருந்தான். அனுமதி வாங்கிய வரைபடத்தில், பள்ளமான மூலையில் இருக்கும் கடைசி மனை குளத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. குளமும் தோண்டினான். அதன் பிறகு இரண்டு வருடமாக மழை சொல்லும்படி பெய்யவில்லை. குளத்தில் புல் முளைத்தது, பந்து விளையாடுகிறவர்கள் வந்தார்கள், போகப் போக அது குளம் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் குடும்பத்தோடு எல்லோரையும் அங்கே வரச்சொன்னான். அம்மா, அண்ணி, குழியம்மாவின் கணவர், மகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தால் குளம் இல்லை. மண் அடித்து, உருளை ஓட்டி, உள்ளங்கை மாதிரி சமமாக்கி, நான்கு மூலையிலும் கல் நட்டிருந்தது.

அண்ணன் அவள் மகளின் தோளில் கைபோட்டுக்கொண்டு, இந்த இடம் யாருக்கு என்று உன் அம்மாவைக் கேள் என்றான். அவனே பதிலும் சொன்னான். தங்கைக்குத்தானாம். வாடகை வீட்டில் கிடந்து மாடிக்காரன் மோட்டார் போடும்வரை குடத்தோடு காத்திருந்தது போதுமாம். மனை அவன் கொடுப்பான், வீட்டையும் அவனே கட்டித் தருவான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் ஓடிப்போய், ஒரு மூலையில் குச்சியால் கோடு கிழித்து அது தன் அறை என்றது. கணவர் மனையின் நீளத்தைக் காலடியால் அளந்துகொண்டே நடந்து போனார். இவ்வளவு வருடத்தில் அவர் முகம் அப்படி விரிந்து அவள் பார்த்ததில்லை.

ஆனாலும் அவள் வாயில் வந்தது வழக்கமானதுதான்.

"அண்ணே, குளம் எங்க?"

"நிக்கிறியே, இதான்."

"இத யாரு மூடச் சொன்னா?"

அண்ணன் சிரித்தான். "வானத்தப் பாரு. தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. மழையே இல்லாத ஊர்ல மழைத்தண்ணிக்குக் குளமா? ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் பெரிய குழியா போட்டுக் குடுத்துடறேன். சரியாப் போச்சு."

"பெய்யாதப்ப குளம் எதுக்குன்னு கேக்கற. பெய்யறப்ப எங்க போய்த் தோண்டுவ?"

"நான் யாருக்கோ விக்கலயே. உனக்குத்தானே தர்றேன்."

"யாருக்குக் குடுத்தாலும் தண்ணி கீழ்த்தெருவுக்குத்தாண்ணே போகும்."

அண்ணி ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயை ஊற்றினாள். அவள் டீயைக் குடித்துவிட்டு, குளத்தைத் திரும்பத் தோண்டாவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும் என்று தெளிவாகச் சொன்னாள். அண்ணன் அவளை அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கணவர் வெகுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பேருந்துப் பணிமனையில் இயந்திரம் பழுது பார்ப்பவர், அதிகம் பேசமாட்டார். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. ஆனா பாப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்றார். அவள்தான் சொன்னாள். அந்த இடத்தில் வீடு வராது, தண்ணீர் வரும் என்றாள். எந்தத் தண்ணீர் என்று குழந்தை கேட்டது. அவளால் ஜன்னலைக் காட்டக்கூட முடியவில்லை. வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவின் தொலைபேசி மறுநாளே வந்தது. வளர்த்த கதையெல்லாம் சொல்லி அழுதுவிட்டு, அம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன் படிப்ப விட்டது யாருக்காகடி?"

"எனக்காகத்தான்மா. அவன் படிக்க வெச்ச அந்தப் படிப்புதான் இப்ப முடியாதுன்னு சொல்லுது."

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நிறுத்த உத்தரவை வாங்கிக்கொள்ள அண்ணனின் மேற்பார்வையாளருக்குத் தைரியம் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவளே பசையைத் தடவி, வாசல் இரும்புக் கதவில் ஒட்டிவிட்டு வந்தாள். அன்று மாலையே மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவர் கோபப்படுகிற மனிதர் இல்லை, குளிர்ந்த குரலில் பேசியே காரியம் சாதிப்பவர். சொந்த அண்ணன் விவகாரத்தில் நீங்கள் கைவைப்பது முறையல்ல, ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒட்டும்போதே அவளும் அதை நினைத்திருந்தாள். வேறு யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், பார்க்கிறவர் குளத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்லிக் கோப்பைக் கொடுத்துவிட்டாள்.

கோப்பு போனது அவளோடு வேலை பார்க்கும் இளைஞரிடம். பெரிய கண்ணாடி போட்டிருப்பார், எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். கெட்டவர் அல்ல, மேலதிகாரி தலையாட்டினால் கூடவே தலையாட்டிவிடுவார், அவ்வளவுதான். குளத்துக்குப் பதில் வீட்டுக்கு வீடு பெரிய குழிகள் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அனுமதி கொடுத்த வரைபடத்தை மாற்றுவதென்றால் நகரமன்றத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். அந்த ஒரு கதவை மட்டும் அவர்களால் மூட முடியவில்லை.

அவள் கீழ்த்தெருவுக்கு நடந்து போனாள். வரவேற்பு ஒன்றும் பிரமாதமாக இல்லை. அவள் வளர்ந்த வீட்டில் இப்போது ஒரு தையல்காரி இருந்தாள். வாசலறை முழுக்கத் தையல் இயந்திரங்கள், வெட்டிப்போட்ட துணித் துண்டுகள், நடுவே இரண்டு பெண்கள் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரி ஊசியைப் பல்லில் கடித்தபடியே அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"உங்க அண்ணன் தங்கச்சி சண்டைக்கு எங்கள ஏங்க இழுக்கறீங்க?"

"சண்ட எங்களோடதுதான். தண்ணி உங்களோடது."

"நான் குடிவந்து ரெண்டு வருஷமாச்சு, இங்க ஒரு சொட்டு வந்ததில்ல."

"இன்னும் மழையும் வரல, மேல கூரையும் போடல. ரெண்டும் வந்தா தண்ணியும் வரும்."

தையல்காரி ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்தாள். கூட்டத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர், நீங்களே அதிகாரி, நீங்களே எங்களிடம் வந்து நின்றால் நாங்கள் யாரிடம் போய் நிற்பது என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் அடுத்த கதவைத் தட்டினாள். அதுவும் ஆகவில்லை என்றால் அதற்கு அடுத்தது. தெருவின் கடைசிக்குப் போவதற்குள் அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்துவிட்டது. ஆனாலும் எதிர்வரிசையையும் தட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மேலதிகாரி மறுபடி கூப்பிட்டார். அலுவலக ஊழியர் ஒருவர் அலுவலகத்தின் பரிந்துரைக்கு எதிராக மேடையில் பேசுவது ஒழுங்கு மீறல் என்று நினைவூட்டினார். அவள் விடுப்பு எழுதி நீட்டினாள்.

"நாளைக்கு நான் ஊழியர் இல்ல சார். இந்த ஊர்ல குடியிருக்கறவ."

"விளைவு இருக்கும்மா."

"இருக்கட்டும் சார்."

நகரமன்றக் கூடத்தில் மின்விசிறிகள் ஓடினாலும் புழுக்கம் தாங்கவில்லை. முன்வரிசையில் அண்ணனிடம் வீடு வாங்க முன்பதிவு செய்தவர்கள். மேலதிகாரியும் கண்ணாடிக்காரரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவர் வந்து உட்கார்ந்தபோதுதான் அவரும் விடுப்பு போட்டுவிட்டு வந்திருப்பது தெரிந்தது.

அண்ணன் நன்றாகவே பேசினான். சட்டி தூக்கி மேலே வந்த கதையைச் சொன்னான். வீடு கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்களைக் காட்டினான். இரண்டு வருடமாக வறண்டு கிடக்கும் பள்ளத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்போலவே ஒலித்தது. தலைகள் ஆடின.

வேறு யாருக்காவது கருத்து உண்டா என்று தலைவர் கேட்டதும் அவள் எழுந்தாள். குளம் ஏன் வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொன்னாள். பெரிய குழி போதும் என்று எழுதியவர் அந்த மண்ணில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாரா என்று கேட்டாள். கண்ணாடிக்காரர் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இல்லை என்றார். அது களிமண். மேலே ஊற்றினால் மேலேயே நிற்கும். அவள் அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கடைசி மனையை எனக்குத் தர்றதா எங்க அண்ணன் சொன்னாரு. நான் வேணாம்னுட்டேன்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது. அண்ணன் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நேராக அவளைப் பார்த்துக் கேட்டான்.

"நான் உனக்கு லஞ்சம் குடுத்தேன்னு ஊரக் கூட்டிச் சொல்றியா?"

"இல்லண்ணே. நீ பாசத்துலதான் குடுத்த. லஞ்சமா இருந்திருந்தா அங்கயே மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டு வந்திருப்பேன். பாசமா இருந்ததால, வேணாம்னு சொல்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. ஆனா கீழ இருக்கறவங்களுக்கு அது பாசமா லஞ்சமான்னு தெரியாது. வீட்டுக்குள்ள சேறு வரும், அவ்வளவுதான் தெரியும்."

அவள் உட்கார்ந்ததும் கணவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அப்போது பின்கதவருகில் ஒரு குரல் கேட்டது. தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே கிளம்பி வந்திருந்தாள். கூடவே கீழ்த்தெருவிலிருந்து இன்னும் சிலர், கதவைச் சாத்திய தபால்காரர் உட்பட. தனக்கு விதி எதுவும் தெரியாது, ஆனால் தன் இயந்திரங்கள் எல்லாம் தரையில் நிற்கின்றன, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு பண்ணுங்கள் என்றாள். பேசிவிட்டு, துணி கொடுக்க வேண்டிய நேரமாகிவிட்டது என்று கிளம்பியும் போய்விட்டாள்.

மன்றம் அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து மண்ணைச் சோதித்தார்கள். களிமண் களிமண்ணாகவே இருந்தது. வரைபடத்தை மாற்ற முடியாது, குளம் வந்த பிறகுதான் எந்த வீட்டுக்கும் சான்று என்று தீர்மானமாயிற்று. அண்ணன் போட்ட மண்ணை அவனே பொக்லைன் வைத்து அள்ளினான். வாங்கியவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் திட்டியதில் பாதி அண்ணனுக்கு, பாதி அவளுக்கு. அண்ணன் அவளை வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று அண்ணி மூலம் சொல்லியனுப்பினான். அம்மா மட்டும் சந்தையில் எதிர்ப்பட்டால் பேத்தியைப் பற்றிக் கேட்பாள், அதுவும் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

மேலதிகாரி சொன்ன விளைவும் வந்து சேர்ந்தது. நிர்வாகக் காரணங்களுக்காக அவளைப் பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்கு மாற்றினார்கள். இறப்பைப் பதிய வருகிறவர்களிடம் வாய் தவறி, குழி எங்கே என்று கேட்டுவிடாதீர்கள் என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மாற்றத்தை ஏற்கவில்லை என்று மனு எழுதினாள். பதில் வராதபோது இன்னொன்று எழுதினாள். பதிவு ஜன்னலில் யாருடைய பெயரையும் ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள், வேலையில் குறை என்று சொல்லி யாரும் தன்னை அங்கேயே புதைத்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள். மேலதிகாரி ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவருக்கு மேசையில் குவிந்திருந்த மனுக்களைப் படிக்கவே அலுப்பாக இருந்தது. திரும்ப வடிகால் பிரிவுக்கே போய்த் தொலையுங்கள் அம்மா என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் வடிகால் பிரிவுக்குத் திரும்பிய வருடம் மழையும் வந்தது. பேய்மழையெல்லாம் இல்லை, நாள் முழுக்க விடாமல் பெய்த சாதாரண மழைதான். மதியம் அவள் குடையை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனாள். கூரைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் தண்ணீர் பழுப்பாக இறங்கி மூலைக் குளத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. குளம் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. எதிர்க்கரையில் இன்னொரு குடை நின்றது. அண்ணன்.

மழை இருவருக்கும் நடுவே கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் மெல்ல வெளியேற வேண்டிய குழாய் வாயில் ஒரு பாலித்தீன் பையும் சருகும் வந்து அடைத்துக்கொண்டன. அவள் இறங்குவதற்குள் அண்ணன் குடையை வீசிவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, கையை உள்ளே விட்டு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டான். குழாய் மறுபடி ஓடத் தொடங்கியது. கீழ்த்தெருவில் யார் வாசலிலும் தண்ணீர் ஏறவில்லை. தையல் இயந்திரத்தின் சத்தம் மழையோடு கலந்து கேட்டது.

அண்ணன் நனைந்துபோய்க் கரையேறி, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"இப்ப திருப்தியா?"

"இல்ல. சுத்தி வேலி போடல. பிள்ளைங்க விழுந்துடும்."

அவன் திரும்பிப் பார்த்தான். ஏதோ கெட்ட வார்த்தை நாக்கின் நுனிவரை வந்திருக்க வேண்டும், விழுங்கிக்கொண்டான்.

"நீ திருந்தவே மாட்டியா?"

"மாட்டேன்."

வேலி வந்தது. கண்ணைக் குத்தும் பச்சையில் வண்ணம் பூசியிருந்தான், வேண்டுமென்றே செய்தது போலத்தான் இருந்தது. நிறத்துக்கு விதியில் இடமில்லை என்பதால் அவள் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கட்டடங்களைப் பார்க்கும் வேலை கண்ணாடிக்காரருடையதாகவே இருந்தது. கடைசிப் பரிசோதனைக்கு அவர் தன் வண்டியில் ஒரு புது வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார். வாளியைக் கண்டதும் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு, ஊருக்கு ஒருத்தி போதாதா, நீங்களுமா என்று கேட்டானாம். கண்ணாடிக்காரர் குளத்துக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது குளத்தில் இறங்கும்வரை அங்கேயே நின்றாராம்.